நீல வட்டமும் சாவித் துளையும்: பாரத ஸ்டேட் வங்கியின் சின்னம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: பாரத ஸ்டேட் வங்கியின் சின்னம் அகமதாபாத்தின் காங்கரியா ஏரியைப் பார்த்து வரையப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இந்தக் கதை பரவியதில் வியப்பில்லை. காங்கரியா ஏறக்குறைய வட்டமான ஏரி. நடுவில் நகினா வாடி என்ற தீவு, கரையிலிருந்து அதற்குச் செல்ல ஒரு நேர்ப்பாதை. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கும் எவருக்கும் வங்கியின் சின்னம்தான் நினைவுக்கு வரும். 1971இல் அதை வடிவமைத்த சேகர் காமத், அதே அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதும் கதைக்கு வலுச் சேர்த்துவிட்டது. ஆனால், வடிவ ஒற்றுமையும் ஊர் ஒற்றுமையும் சேர்ந்தாலும் அவை சான்றாகிவிடாது. சின்னத்துக்குப் பரவலாகத் தரப்படும் விளக்கம் சாவித் துளை, அதாவது பாதுகாப்பு. பிறர் பணத்தைப் பூட்டி வைத்துக் காக்கும் நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் ஏது? ஏரியைத் துணைக்கு அழைக்காமலே அந்த வடிவத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது என்பதே என் கருத்து.

கேள்வி: அதற்கு முன் என்ன சின்னம் இருந்தது? ஏன் மாற்றினார்கள்?

பதில்: ஆலமரம். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகள் 1921இல் இணைந்து இம்பீரியல் வங்கி ஆயின; அதுவே 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியாக உருமாறியது. பல வேர்கள் கூடித் தாங்கும் அந்த வரலாற்றுக்கு ஆலமரம் பொருந்தவே செய்தது. ஆல்போல் தழைக்க வாழ்த்தும் நமக்கு அதன் பொருளைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இலையும் விழுதுமாக நுணுக்கமாக வரையப்பட்ட மரம், பெரிய பலகையில் எவ்வளவு அழகாக இருந்தாலும், சிறிதாக அச்சாகும்போது வெறும் கருந்திட்டாகிவிடும். நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி 1960களின் தொடக்கத்திலேயே எதையும் நேரடியாகச் சித்திரிக்காத எண்கோண வடிவம் ஒன்றை ஏற்றிருந்தது. காமத்தின் வட்டமும் எளிய வடிவங்களை நாடிய அந்தக் காலத்தின் படைப்புதான்.

கேள்வி: ஒரு வட்டம், அதில் ஒரு துளை. இதில் பாராட்டும் அளவுக்கு என்ன வடிவமைப்பு இருக்கிறது?

பதில்: உங்கள் பாஸ்புக்கின் அட்டையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரிய நீல வட்டம், நடுவே சிறிய வெள்ளை வட்டம், அதிலிருந்து நேர் கீழே விளிம்பை வெட்டிக்கொண்டு வெளியேறும் ஒரு மெல்லிய பிளவு, மொத்தமே இவ்வளவுதான். இதில் அச்சாவது நீலம் மட்டுமே, சாவித் துளை என்று நாம் காண்பதோ மை படாத வெற்றுத் தாள். ஆகவே ஒரே நிற மை போதும். காசோலையிலும் செலானிலும் கிளையின் பெயர்ப்பலகையிலும் அதே உருவம் சிதையாமல் நிற்கும். அந்தப் பிளவை மூடிவிட்டால் நடுவில் ஓட்டை போட்ட காசுதான் மிஞ்சும். வட்டத்தைச் சின்னமாக்குவதே அந்தப் பிளவு. நடுவிலுள்ள சிறு வட்டத்தை வங்கியின் மையத்தில் நிற்கும் எளிய வாடிக்கையாளராகக் காண்பவர்களும் உண்டு, அதுவும் அழகான வாசிப்பே.

எனக்கு இவை அனைத்தையும்விட முக்கியமாகப் படுவது, இதில் ஓர் எழுத்துகூட இல்லை என்பது. பெயர்ப்பலகையை மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு மொழியில் எழுத வேண்டிய ஒரு வங்கி, எந்த ஒரு மொழியின் எழுத்தையும் சார்ந்திராத அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரும் தெருமுனையிலிருந்தே தம் வங்கியை இனங்கண்டுகொள்ளலாம்.

கேள்வி: 2017இல் சின்னத்தை மாற்றிவிட்டார்களா?

பதில்: வட்டத்தைத் தொடவில்லை, நல்லவேளை. மும்பையின் டிசைன் ஸ்டேக் நிறுவனம் செய்த அந்தப் புதுப்பித்தலில் நீலம் வெளிர்ந்து பளிச்சென்று ஆனது, அருகில் எஸ்பிஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அடர்நீலத்தில் அமர்ந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் தாய் வங்கியுடன் இணைந்தன. புதிய தோற்றமும் அந்த இணைப்பை ஒட்டியே வந்தது.

கேள்வி: என் பழைய ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாஸ்புக்கிலும் இதே வட்டம் இருக்கிறதே?

பதில்: இருக்கும். அந்த ஐந்து துணை வங்கிகளில் அதுவும் ஒன்று; இணைப்புக்கு முன்பே அவை தாய் வங்கியின் சின்னத்தைத்தான் பயன்படுத்தின.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்துக்குப் புதிதாகச் சின்னம் வரைய வேண்டும். எப்படித் தொடங்கலாம்?

பதில்: கணினித் திரையில் பல வண்ணங்களில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரைந்ததைக் கறுப்பு மையில், சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கி, சாதாரணத் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். ரப்பர் முத்திரையாகச் செய்து, மை சற்றுக் கூடுதலாகத் தோய்த்தும் குத்திப் பாருங்கள். எந்தக் கோடு முதலில் அடைபடுகிறதோ அதை அகலப்படுத்துங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். கைகுலுக்கல், நெற்கதிர், சக்கரம், உதயசூரியன் எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் அடைக்கச் சொல்லிப் பொதுக்குழுவில் குரல் எழும். அவற்றில் ஒன்றை மட்டும் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்த பிறகு ஓவியரிடம் செல்லுங்கள்.