ஜப்பான் வெந்நீர் ஊற்றுகளில் எந்தத் தண்ணீர் எதற்கு நல்லது?

குளியலறைக்கு முன் உடை மாற்றும் அறையில் நீரின் பகுப்பாய்வுத் தாளை மாட்டியிருப்பார்கள். முதலில் அதில் எந்த வகை என்று பாருங்கள். ஜப்பானில் மொத்தம் பத்து வகை.

குன்மா மாவட்டத்து குசாட்சு ஊற்று அமிலமும் கந்தகமும் கலந்தது. பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 அளவு, ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு. தோலிலுள்ள கிருமிகளை அடக்கும். ஆனால் சவரக் கீறல் இருந்தால் சுரீரென்று எரியும். வெள்ளி மோதிரம் கறுத்துவிடும், கழற்றிவிடுங்கள். வறண்ட தோல்காரர்கள் வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவது நல்லது.

உப்பு ஊற்றில் இதற்கு நேர்மாறு. தோலில் படியும் உப்புதான் உடற்சூட்டைப் பிடித்து வைக்கிறது; அலசினால் போச்சு. துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். கை கால் சில்லிட்டுப்போகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

பைகார்பனேட் (சமையல் சோடா வகை உப்பு) கலந்த நீர் எண்ணெய்ப் பசையை எடுத்துத் தோலை வழுவழுப்பாக்கும், பிறகு வறட்சி வரும். உடனே கிரீம் தடவுங்கள்.

ஓயிட்டா மாவட்டத்து நாகாயுவில் கரியமில வாயு நீர். வெதுவெதுப்புதான், ஆனாலும் ரோமத்தில் முத்து முத்தாகக் குமிழி ஒட்டும். ரத்தக்குழாய் விரிவதால் உடம்பு கதகதக்கும். அதிகம் சூடாக்கினால் வாயு பறந்துவிடும்.

எதிலும் முதல் தடவை பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காய்ச்சலோ மது போதையோ இருந்தால் இறங்கவே வேண்டாம்.