அசல் டிஸ்க் ஓடவில்லை, காப்பி ஓடுகிறது!

லண்டனில் இருக்கும் தங்கை காசு கொடுத்து வாங்கி அனுப்பிய டிவிடிகளை எங்கள் ப்ளேயர் ஏற்க மறுக்கிறது. புறக்கோட்டையில் வாங்கிய காப்பி டிஸ்க் மட்டும் நன்றாக ஓடுகிறது. இது என்ன நியாயம்?
– வாசகி, வெள்ளவத்தை

நியாயம் எனக்கும் தெரியாது, காரணம் தெரியும். படக் கம்பனிகள் உலகை ஆறு வலயங்களாகப் பிரித்து, டிஸ்க்கிலும் ப்ளேயரிலும் எண் போட்டு வைத்தன. கனடா 1, பிரித்தானியா 2, இலங்கையும் இந்தியாவும் 5. ஒரே படத்தை ஊருக்கு ஊர் வேறு நாளில், வேறு விலையில் விற்பதற்குப் போட்ட வேலி அது. காப்பி அடிக்கிறவர் பெரும்பாலும் அந்த எண்ணைக் கழற்றிவிட்டுத்தான் டிஸ்க் எழுதுகிறார். ஆக, பூட்டு உங்கள் தங்கைக்குத்தான்! ப்ளேயர் வாங்க வருகிறவர்கள் படம் எவ்வளவு தெளிவு என்று கேட்பதற்கு முதல் "எல்லா டிஸ்க்கும் ஓடுமா?" என்று கேட்பதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பல ப்ளேயர்களில் ரிமோட்டாலேயே வலய எண்ணை 0, அதாவது எல்லா வலயமும், ஆக்கலாம். மொடல் இலக்கத்தைச் சொல்லி வாங்கிய கடையில் கேளுங்கள். லேப்டொப்பில் மட்டும் அவசரப்பட்டு மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். டிரைவ் 5 தடவைதான் விடும், அப்புறம் கடைசி எண்ணிலேயே நின்றுவிடும்.

புதிய 4கே டிவி, புதிய ஸ்ட்ரீமிங் பெட்டி. இடையில் பழைய ஹோம் தியேட்டரைப் போட்டால் திரை கறுப்பு.
– வாசகர், தெஹிவளை

காப்பி எடுக்கவிடாமல் போட்ட எச்டிசிபி என்ற பூட்டுதான் காரணம். எச்டிஎம்ஐ வயரில் தொடுத்த ஒவ்வொரு கருவியும் பெட்டிக்குத் தன்னை அடையாளம் காட்ட வேண்டும். 4கே படத்துக்குப் பெரும்பாலும் 2.2 பதிப்பு தேவை. உங்கள் ஹோம் தியேட்டருக்கு அது தெரியாது போலிருக்கிறது. பெட்டியை நேரே டிவியில் குத்திப் பாருங்கள். படம் வந்தால், ஒலியை மட்டும் டிவியின் ஒப்டிகல் வழியாக எடுங்கள். இந்தப் பூட்டின் பழைய பதிப்பைத் திறக்கும் மூலச் சாவி 2010இலேயே வெளியே கசிந்துவிட்டது. அதற்குப் பிறகும் வயர் மாற்றி மாற்றிக் களைத்துப்போவது நாம்தான்.

டிவியில் பென்டிரைவ் குத்திப் பதிந்த நிகழ்ச்சி லேப்டொப்பில் திறக்கவில்லை.
– வாசகர், பம்பலப்பிட்டி

திறக்காது. பல டிவிகள் பதிவைத் தமக்கு மட்டும் புரியும்படி பூட்டி வைக்கின்றன. டிவியை விற்கிற எண்ணம் இருந்தால் முதலில் பார்த்து முடியுங்கள்.

எங்கள் கலியாண வீடியோ கசெட்டை டிவிடிக்கு மாற்றப் போனால், 'பதிப்புரிமை உள்ளது, பதிய முடியாது' என்று ரெக்கோர்டர் சொல்கிறது. கலியாணம் எங்களுடையது!
– வாசகி, கொட்டாஞ்சேனை

சந்தேகமே இல்லை, உங்களுடையதுதான். 1980களில் படக் கசெட்டுகளைக் காப்பி எடுக்கவிடாமல் மக்ரோவிஷன் என்ற தந்திரம் வந்தது. படத்தின் கண்ணுக்குத் தெரியாத வரிகளில் பொய்யான சிக்னலைச் செருகுவார்கள். பூஞ்சணம் பிடித்துத் தேய்ந்த கசெட்டிலும் அதே வரிகள் குழம்பிவிடும். ரெக்கோர்டர் உங்களைத் திருடன் என்று நினைத்துவிடுகிறது. விசிஆரின் ஹெட்டைத் துடைத்து, கசெட்டை முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால், டைம் பேஸ் கரெக்டர் வைத்திருக்கும் வீடியோக் கடையில் கொடுங்கள். சிக்னலை அது நேர்ப்படுத்திக் கொடுக்கும். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால் விசிஆரில் போடவே வேண்டாம், நேரே கடைக்கு.