மூன்றாவது அம்பு

அன்புள்ள சார்,

பழைய கையடக்க விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் 'போகிமான் பின்பால்' (பந்தை அடித்து அடித்து 151 போகிமான் உயிரினங்களைப் பிடிக்கும் விளையாட்டு) பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'பின்பாலைக் கெடுத்த விளையாட்டு'. படித்ததும் கோபம் வந்தது. 1999-இல் அண்ணன் இங்கே சிங்கப்பூரில் வாங்கியது இன்னும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் 131 பிடித்துவிட்டுப் படிக்கப் போய்விட்டான். நான் 142 வரை கொண்டுவந்துவிட்டேன். மிச்சம் ஒன்பதும் மாதக்கணக்காகக் கண்ணில் படவில்லை. "பந்து போற போக்குலதானே வருது, எல்லாம் அதிர்ஷ்டம்" என்கிறார் வீட்டுக்காரர். அப்படித்தானா? இன்னொன்று. விளையாட்டு இருக்கும் கார்ட்ரிட்ஜில் உள்ள ட்ரிபிள் ஏ பேட்டரி கசிய ஆரம்பித்திருக்கிறது. கழற்றினால் அண்ணன் பிடித்ததெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்து தொடாமலே வைத்திருக்கிறேன்.

ஆர்., சிங்கப்பூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் பேட்டரி. இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அந்த ட்ரிபிள் ஏ, கார்ட்ரிட்ஜ் அதிர்வதற்காக மட்டும் வைத்தது. பந்து பம்பரில் மோதும்போது கையில் ஒரு சிலிர்ப்பு வருகிறதே, அதற்கு. அதற்காகத்தான் கார்ட்ரிட்ஜின் தலை அப்படிப் புடைத்திருக்கிறது. உங்கள் அண்ணன் பிடித்தவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது உள்ளே இருக்கும் வேறொரு சின்னப் பொத்தான் பேட்டரி. கசிவை விட்டுவைத்தால்தான் ஆபத்து.

இனி அந்த ஒரு வரி. அதை எழுதும்போது இந்த விளையாட்டை நான் ஸ்கோருக்காக ஆடியவன். இதே கேம் பாய் கையடக்கக் கருவிக்கு ஹால் நிறுவனம் முன்பே கிர்பி என்ற தன் விளையாட்டுப் பாத்திரத்தை வைத்து ஒரு பின்பால் போட்டிருந்தது, 1993-இல். அதில் ஊறிய கைக்கு, கியோட்டோவின் ஜூபிடர் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு மந்தமாகத் தெரிந்தது. மேசைகளே இரண்டுதான், சிவப்பும் நீலமும். உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் மறுபடி ஆடினேன். இந்த முறை பிடிப்பதற்காக. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

சாதாரணப் பின்பாலில் நமக்கு ஒரே கவலை, பந்து கீழே விழக்கூடாது. விழுந்தால் எல்லாம் போச்சு, மிஞ்சுவது ஓர் எண். இதிலோ பந்து போனாலும், பிடித்தவற்றின் பட்டியலான போகிடெக்ஸில் ஏறியது ஏறியதுதான். அதனால் ஆடுபவரின் ஆசையே மாறிவிடுகிறது. பந்தை உயிரோடு வைத்திருப்பது போதாது, அதை ஓர் இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். பந்தை அடிக்கும் துடுப்பான ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்துப் பந்தை அதன் மடியில் நிறுத்தி, மூச்சு விட்டு, பார்த்து அடிக்கிற பழக்கம் தானாக வருகிறது. நான் மந்தம் என்று நினைத்தது இதைத்தான்.

அதிர்ஷ்டமா என்றால், பாதி. விளையாட்டுக்குள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரில் திரிவதுதான் வரும். சில, சிவப்பு மேசையில் மட்டும். சில, நீலத்தில் மட்டும். ஒரே மேசையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கடிதத்தில் மேசையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மீதிப் பாதி உங்கள் கையில். வலப்பக்கச் சந்தில் பந்தை ஏற்றும்போதெல்லாம் ஓர் அம்பு எரியும். இரண்டு எரிந்தாலே, மேசையில் நிற்கும் பெல்ஸ்ப்ரவுட் என்ற போகிமானின் வாய்க்குள் அடித்துப் பிடிக்கும் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். (நீல மேசையில் அந்த வாய் க்ளாய்ஸ்டருடையது.) எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். ஆனால் மூன்றாவது அம்பும் எரியும்வரை பொறுத்தால் அந்த ஊரின் அரியவை வரும். உங்கள் ஒன்பதில் பாதியாவது அந்த மூன்றாவது அம்புக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்க வேண்டும். இரண்டு எரிந்ததும் கை துறுதுறுவென்று வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

மிச்சத்தில் சில, வளர்த்தெடுக்க வேண்டியவையாக இருக்கலாம். இங்கேதான் விளையாட்டு கொஞ்சம் கல்நெஞ்சோடு நடந்துகொள்கிறது. அந்த ஆட்டத்திலேயே பிடித்ததைத்தான் வளர்க்க முடியும். அண்ணன் என்றைக்கோ பிடித்த மாஜிகார்ப் போகிடெக்ஸில் பத்திரமாக இருக்கும், ஆனால் அதை அதன் வளர்ந்த உருவமான கியாரடோஸ் ஆக்க முடியாது. நீங்கள் புதிதாக ஒன்றைப் பிடித்து, பந்துகள் தீர்வதற்குள் வளர்க்க வேண்டும். அதற்குப் பிகாச்சுவின் தயவு தேவை. ஓரத்துச் சந்துகளில் பந்து நழுவும்போது மின்சாரம் பாய்ச்சி மேலே அனுப்புவது அவன்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் நிற்பான். ஃப்ளிப்பரை அடித்தால் அந்தப் பக்கம் ஓடுவான். சுழலியில் பந்தை விட்டு அவனுக்குச் சார்ஜ் ஏற்றி வைக்க மறந்தால், சரியான பக்கத்தில் நின்றும் பிரயோசனமில்லை. பந்து போவதை வேடிக்கை பார்ப்பான். வீட்டுக்காரரிடம் இதை ஒருமுறை ஆடச் சொல்லுங்கள். அதிர்ஷ்டம் என்ற பேச்சைப் பிறகு எடுக்கிறாரா பார்ப்போம்.

2003-இல் ரூபி, சஃபையர் பெயரில் அடுத்தது வந்தது. முட்டை பொரிப்பது, கடை என்று நிறையச் சேர்த்திருந்தார்கள். அழகுதான். ஆனால் கார்ட்ரிட்ஜுக்குள் இருந்த அதிர்வை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய குறை.

ஒரு விஷயம் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்லியாக வேண்டும். உள்ளே இருக்கும் அந்தப் பொத்தான் பேட்டரிக்கும் கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. அது தீர்ந்தால் 142-ம் போகும். மாற்றுவதற்காகக் கழற்றினாலும் போகும். எனவே போகிடெக்ஸ் பக்கங்களை இப்போதே போனில் படம் எடுத்து வையுங்கள். அண்ணனிடம் கேம் பாய் பிரிண்டர் இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். இந்த விளையாட்டிலிருந்து சிலவற்றை அதில் அச்சடிக்கலாம். அவர் அந்த வயதில் எதையாவது அச்சடித்து, அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கக்கூடும். வெப்பத்தாள் என்பதால் வெளுத்துத்தான் இருக்கும்.