காசோலையா, காசட்டையா?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அந்தத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், அதாவது அந்நாட்டு எம்.பி., ஊர்க் குடிநீர்க் குழாய்களை மாற்றவும் நூலகக் கூரையைச் செப்பனிடவும் வாஷிங்டனிலிருந்து மத்திய நிதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆளுயரக் காசோலையோடு அவர் நிற்கும் படத்தை மகள் அனுப்பினாள். நம் எம்.பி.க்கள் ஏன் இப்படிச் செய்வதில்லை?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஆளுயரக் காசோலை என்று எழுதிவிட்டீர்கள். இனி உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் வராது. அந்த ரகக் காசோலை ஒன்று என் வீட்டிலும் இருந்தது.

இளைஞனாக இருந்தபோது ஒரு சிறுகதைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. மேடையில் ஐந்தடி நீள அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ரூபாய் ஐயாயிரம் மட்டும். என் பெயரில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தது. அதை அங்கேயே சுட்டிக்காட்டினேன், அதுதான் நான் செய்த தவறோ என்னவோ. "இது படத்துக்கு சார், நிஜம் தபாலில் வரும்" என்றார்கள். பேருந்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது நடத்துநர் லக்கேஜ் போட்டார். நான் ஐயாயிரம் ரூபாய்க்குச் சொந்தக்காரன் என்று வாதாடினேன். "அப்படின்னா சில்லறையாக் கொடுங்க" என்றார். வீட்டில் மனைவி, அதை எந்த பாங்கில் போடுவது, கதவு வழியாக உள்ளே போகுமா என்று கேட்டாள். தபாலில் ஒன்றும் வரவில்லை. கடிதம் போட்டுக் கேட்டேன். 'பரிசளிப்பு விழா சிறப்பாக நடந்து முடிந்துவிட்டது' என்று பதில் வந்தது. உண்மைதான், விழா நடந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் சமையலறை ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது அட்டையை அதில் செருகினோம். இரண்டு மழைக்காலம் தாங்கியது. என் இலக்கிய வாழ்க்கையில் அவ்வளவு உபயோகமான பரிசு வேறு கிடைத்ததில்லை.

இதைத் தனித்தமிழ் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். இருபது வருஷமாக என் பக்கத்தில் 'செக்' என்று வரும்போதெல்லாம் சிவப்பு மையில் கடிதம் போடுகிறவர். "அது காசோலையே அல்ல. ஓலையில் எழுதினால் காசோலை. அட்டையில் எழுதினால் காசட்டை" என்றார். அவரோடு நான் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

சரி, காங்கிரஸ்காரரின் காசட்டைக்கு வருவோம். 'வாங்கிக் கொடுத்தார்' என்கிறீர்கள். யாரிடம் வாங்கினார்? உங்கள் மகளும் மருமகனும் கட்டிய வருமானவரி வாஷிங்டனுக்குப் போய், அதில் ஒரு கிள்ளு ஊருக்குத் திரும்பியிருக்கிறது. பந்தியில் நம் வீட்டு அரிசியை வடித்து நமக்கே பரிமாறுகிறவரிடம், "சாதத்துக்கு நன்றி" என்று சொல்லும் நிலைமை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பரிமாறுவதும் ஒரு வேலைதான். கடைசி இலை வரை வருகிறதா என்று பார்க்கிறவர் வேண்டும்.

இந்தப் பரிமாறலுக்கு அங்கே பழைய பெயர் 'இயர்மார்க்'. காதுக் குறி. மந்தையில் யாருடைய ஆடு என்று தெரிவதற்காகக் காதின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி விடுவார்கள். நம் கீதாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்ஜெட் மந்தையில் இந்த ஆடு என் தொகுதிக்கு என்று காதை வெட்டுவது அங்கே உறுப்பினரின் உரிமை. வெட்டு அதிகமாகிப்போனதும் உண்டு. 1987இல் ஒரு நெடுஞ்சாலை மசோதாவில் சுமார் 150 காதுகள் வெட்டப்பட்டிருக்கின்றன என்று அதிபர் ரீகன் அதைத் திருப்பி அனுப்பினார். இரண்டு அவையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அவரை மீறிச் சட்டமாக்கின. 2005இன் நெடுஞ்சாலைச் சட்டத்தில் எண்ணிக்கை 6,000ஐத் தாண்டிவிட்டது.

அந்த 2005 சட்டத்தை அவ்வளவு சீக்கிரம் விட மனசில்லை. அதைக் கொண்டுவந்த போக்குவரத்துக் குழுவின் தலைவர் அலாஸ்காவின் டான் யங். நீளமான சட்டப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சேஃப்டீ-லூ' என்று வரும். லூ அவருடைய மனைவி. நம்மூரில் மனைவி பெயரை லாரியின் நெற்றியில் எழுதுவார்கள். அவர் 28,600 கோடி டாலர் சட்டத்தின் வாலில் எழுதினார். அதில்தான் 'எங்கும் போகாத பாலம்' வந்தது. கெட்சிகன் என்ற ஊரிலிருந்து கிரவினா தீவுக்குப் பாலம், ஒதுக்கீடு 22 கோடியே 30 லட்சம் டாலர். தீவில் ஐம்பது பேர். நாடே சிரித்தது. சிரித்தவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள்: கெட்சிகனின் விமான நிலையம் அந்தத் தீவில்தான் இருக்கிறது, விமானம் பிடிக்க இன்றும் படகில் போகிறார்கள். ஐம்பது பேருக்குப் பாலம் என்பது நல்ல நகைச்சுவை. 'விமான நிலையத்துக்குப் பாலம், ஆனால் விலை அதிகம்' என்றால் யார் சிரிப்பார்கள்? கடைசியில் பாலத்தை ஆளுநர் சாரா பேலின் 2007இல் கைவிட்டார். ஆனால் பாலத்தில் போய்ச் சேரவேண்டிய சாலை இருக்கிறதே, தீவுக்குள் ஐந்து கிலோமீட்டர், அதை மட்டும் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் போட்டு முடித்தார்கள். பெண் பார்க்காமலே மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த கதை.

இதைவிட மோசம் கலிஃபோர்னியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ராண்டி கன்னிங்ஹாம். பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களை வாங்கித் தர, காங்கிரஸ் முத்திரையிட்ட தாளில் விலைப்பட்டியலே எழுதி வைத்திருந்தார். இத்தனை கோடி ஒப்பந்தம் வேண்டுமென்றால் படகு, அதற்கு மேல் ஒவ்வொரு பத்து லட்சத்துக்கும் ஐம்பதாயிரம் டாலர். மெஸ்ஸில் 'சாப்பாடு அளவு, எக்ஸ்ட்ரா தனி' என்று எழுதிப் போடுவார்களே, அந்த நேர்மை. 2006இல் எட்டு வருஷம் நான்கு மாதம் சிறை கிடைத்தது.

கூத்து இந்த அளவுக்குப் போனதும், 2011இல் காது வெட்டுவதே கூடாது என்று நிறுத்தினார்கள். பத்து வருஷம் யாரும் வெட்டவில்லை. அமெரிக்காவின் கடன் அதனால் குறைந்ததா? குறையவில்லை. பணம் அப்படியேதான் செலவானது. எந்த ஊருக்கு என்று முடிவெடுக்கும் பேனா மட்டும் உறுப்பினர் கையிலிருந்து அதிகாரி மேசைக்குப் போனது. 2021இல் 'சமுதாயத் திட்ட நிதி' என்று புதுப் பெயர் சூட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்கள் மகள் ஊர்க் குழாய் இந்த வகையாகத்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்தது இங்கேதான் வருகிறது. புதிய விதிப்படி, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்கு இத்தனைதான் கேட்கலாம் என்று கணக்கு. முதலில் பத்து, பிறகு பதினைந்து. லாபத்துக்கு நடக்கும் கம்பெனிக்குக் கேட்கக் கூடாது. ஊரார் இதை விரும்புகிறார்கள் என்று காட்ட வேண்டும். எனக்கோ என் நெருங்கிய குடும்பத்துக்கோ இதில் ஆதாயம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். எந்த ஊர், எவ்வளவு தொகை, எதற்கு என்று தன் பெயரோடு இணையத்தில் போட வேண்டும். இதெல்லாம் பணம் வருவதற்கு முன்னால்! பணம் ஒதுக்கப்படுமுன்பே பெயர் ஊருக்குத் தெரிகிறது. நம்மூரில் பெயர் எப்போது வரும்? நிழற்குடை கட்டி முடித்து, பெயிண்ட் காய்ந்த பிறகு. பழைய இயர்மார்க்கின் பாவம் பணம் அல்ல, யார் கேட்டார் என்று தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக மசோதாவில் ஒரு வரி முளைத்ததுதான் என்பது என் கட்சி.

நிழற்குடை என்றதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. 'பயணியர் நிழற்குடை' என்ற அழகான பெயரை வைத்தவருக்குச் சிலை வைக்கலாம், அதற்கும் ஒரு நிழற்குடை கட்டலாம். ஆனால் நான் பார்த்த பலவற்றில் நிழல் விழும் இடத்தைவிடப் பெயர்ப்பலகை அகலம். பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம், பலகையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் சாயும்போது ஜனங்கள் நிழற்குடையின் உள்ளே இல்லாமல் பலகையின் நிழலில் பின்னால் நிற்பார்கள். அந்த வகையில் பலகையும் மக்கள் பணிதான். 'திட்ட மதிப்பீடு' என்று போட்டிருக்கும். பாதிப் பலகைகளில் 'மதிப்பிடு' என்று கட்டளையிடும். சரி, மதிப்பிட்டுவிட்டேன்.

வாங்கிக் கொடுப்பதில் மன்னன் என்றால் மேற்கு வெர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பர்டு. 1959 முதல் 2010 வரை 51 வருஷம் செனட்டில். அந்த மாநிலத்தில் பாலம், சாலை, மருத்துவமனை என்று அவர் பெயர் இல்லாத திசை இல்லை. மேற்கு வெர்ஜீனியாவுக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கப்பல் பதிவு அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. நாமக்கல்லில் துறைமுகக் கழக அலுவலகம் திறந்ததுபோல.

அதே பர்டுதான் வேறொன்றும் செய்தார். கிரீன் பேங்க் என்ற மலைக் கிராமத்தில் இருந்த வானொலித் தொலைநோக்கி 1988 நவம்பரில் ஒரு ராத்திரி பொலபொலவென்று சரிந்து விழுந்தது. இவர் பிடிவாதமாக நின்று நிதி வாங்கினார். நூறு மீட்டர் அகலத்தில், எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியதாகப் புதியது எழுந்தது. அதற்கும் அவர் பெயர்தான், இருக்கட்டும். அந்தத் தொலைநோக்கி வேலை செய்ய வேண்டுமே என்று சுற்றிலும் வானொலி அலைகளுக்குக் கட்டுப்பாடு. 1958லிருந்தே அது அமைதி மண்டலம். பக்கத்து வீடுகளில் மைக்ரோவேவ் அடுப்பைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். செல்போன் கோபுரங்களுக்கு அங்கே இடமில்லை. சிவப்பு மை நண்பர் சமீபத்தில் கடிதத்தை விட்டு வாட்ஸ்அப் குரல்பதிவுக்கு மாறியிருக்கிறார். கிரீன் பேங்கில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று உங்கள் மகளிடம் விசாரித்துச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வி பாக்கி இருக்கிறது. நம் எம்.பி.யால் அப்படிச் செய்ய முடியாது ஐயா. அரசியல் சட்டம் விடாது. செலவுக்கான மானியக் கோரிக்கை எதுவும் குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு, அதாவது அரசின் வழியாகத்தான் வரும். எம்.பி. அதைக் குறைக்கச் சொல்லலாம், ஒரு ரூபாய் கூட்டச் சொல்ல முடியாது. குறைக்கச் சொல்வதற்குப் பெயர் வெட்டுத் தீர்மானம். அங்கே காதை வெட்டினால் ஆடு சொந்தமாகிறது. இங்கே வெட்டினால் ஆடே சின்னதாகிறது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் நரசிம்ம ராவ் 1993 டிசம்பரில் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கொண்டுவந்தார். முதல் ஆண்டு தலைக்கு 5 லட்சம். 2011 முதல் ஆண்டுக்கு 5 கோடி, கொரோனா காலத்தில் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்ததைத் தவிர. எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்து முடிக்கும். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம். நிழற்குடைக்கும் உயர்கோபுர விளக்குக்கும் அதைத் தாண்டி ஏன் போவதில்லை என்று கேட்காதீர்கள், கணக்கு அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் 2010இல் இதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், அங்கேபோலப் பட்டியலையும் காரணத்தையும் முன்கூட்டியே ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்வேன். பலகை எழுத ஆள் தயாராகத்தான் இருக்கிறார்.

ஒரே ஒரு உதவி. அந்தப் படம் எந்த நிதியாண்டுக்கானது என்று மகளிடம் கேளுங்கள். 2024இல் பல உறுப்பினர்கள், குழு அளவில் ஒப்புதல் கிடைத்ததுமே 'வாங்கிவிட்டேன்' என்று அறிக்கை விட்டார்கள். 2025 மார்ச்சில் பட்ஜெட் சண்டை முற்றி, பழைய ஒதுக்கீட்டையே ஆண்டு முழுவதற்கும் நீட்டித்தபோது, அந்த 2025 நிதியாண்டுக்கான திட்டங்கள் மொத்தமும் கைவிடப்பட்டன. குழாய்களும் கூரைகளும் அப்படியே நின்றன. உங்கள் மகள் ஊர்ப் படமும் அந்த ஆண்டுக்கானது என்றால், நூலகத்தில் சொல்லி அட்டையை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கூரை ஒழுகும் இடத்தில் செருகலாம். இரண்டு மழைக்காலம் தாங்கும்.