மாடிஃபை பண்ண பழைய ஜிப்சி வாங்கப் போறீங்களா? ஒரு சாக்பீஸ் எடுத்துட்டுப் போங்க

பொள்ளாச்சில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, 2008 மாடல் ஜிப்சி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், எம்பிஎஃப்ஐ பெட்ரோல். 31 இன்ச் மட் டயர், எஸ்ஓஏ லிஃப்ட், முன்ன பின்ன ரெண்டுலயும் லாக்கர், கிரவுன் பினியன் மாத்தினது, ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல க்ராலர் கியர், எல்லாம் பண்ணியிருக்குங்கறாரு ஓனர். பில்லு எதுவும் இல்ல, அவரே மூணாவது ஓனர், வேலை செஞ்சது யாருன்னும் தெரியாதாம். எனக்கு வாரம் ஒருக்கா வால்பாறை தோட்டத்துக்குப் போய் வரணும், எப்பவாச்சும் ஆஃப்ரோடு. இதுல எது நிஜம், எது ரீல்னு எப்படிக் கண்டுபிடிக்கறது, வாங்கலாமா?"

(படிக்கற மத்தவங்களுக்கு: எம்பிஎஃப்ஐன்னா எலக்ட்ரானிக்கா பெட்ரோல் பாய்ச்சற என்ஜின். எஸ்ஓஏ லிஃப்ட்னா பட்டை ஸ்பிரிங்க ஆக்சிலுக்கு மேல வச்சு வண்டிய உசத்தறது. லாக்கர்னா ரெண்டு பக்க வீலயும் சேத்துப் புடிச்சு ஒண்ணா சுத்த வைக்கறது. கிரவுன் பினியன்னா ஆக்சில் நடுவுல ஷாஃப்ட்டோட சுத்த வீலுக்குத் திருப்பற பல்சக்கர ஜோடி. ட்ரான்ஸ்ஃபர் கேஸ்னா பவர முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிச்சுக் கொடுக்கற பெட்டி, க்ராலர் கியர்னா அதுக்குள்ள வண்டிய ரொம்ப மெதுவா, பலமா ஊர வைக்கற கியர்.) தம்பி, அவர் சொன்ன லிஸ்ட்ட அப்படியே ஓரமா வைங்க. மூணாவது ஓனருக்கு அவர் வாங்கறப்ப சொன்னதுதான் தெரியும், அதத்தான் உங்ககிட்டயும் சொல்றாரு, பொய் சொல்றாருன்னு இல்ல. என்னென்ன பார்ட்ஸ் இருக்குங்கறது ரெண்டாவது விசயம். இருக்கற பார்ட்ஸ் ஒண்ணுக்கொண்ணு கணக்குல ஒத்துப்போகுதாங்கறதுதான் மேட்டரே. அந்தக் கணக்க வண்டிய பிரிக்காமயே பாத்துரலாம். ஜிப்சி அதுக்குன்னே செஞ்ச வண்டி மாதிரி, ஏன்னா மத்த ஜீப்புங்கள்ல ட்ரான்ஸ்ஃபர் கேஸு கியர்பாக்ஸோட முதுகுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், ஜிப்சில அது தனியா தொங்கும், கியர்பாக்ஸ்ல இருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் வந்து அதுல மாட்டும், அப்புறம் அதுல இருந்து முன்னாடிக்கு ஒண்ணு பின்னாடிக்கு ஒண்ணு. மொத்தம் மூணு ஷாஃப்ட்டு, மூணும் கண்ணுக்குத் தெரியும், மூணுலயும் சாக்பீஸ்ல கோடு போடலாம்.

சமதரைல நிறுத்துங்க, முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை, முன் ஹப்ப (முன் வீல ஆக்சிலோட சேக்கற, பிரிக்கற பூட்டு) ஃப்ரீல வைங்க, பின்னாடி ஜாக்கி போட்டுத் தூக்கி கண்டிப்பா ஸ்டாண்டு கொடுங்க, வெறும் ஜாக்கிய நம்பி கீழ படுக்காதீங்க. மொதல்ல ரெண்டு பின் வீலும் தரைய விட்டுத் தூக்கி இருக்கணும், என்ஜின் ஆஃப், ட்ரான்ஸ்ஃபர் லீவர் டூ ஹைல (பின் வீல் மட்டும் இழுக்கற சாதா நிலை), ஃபர்ஸ்ட் கியர்ல விடுங்க. இப்ப ஒரு வீல கையால சுத்துங்க. அடுத்த வீல் எதிர்ப்பக்கமா சுத்துச்சுன்னா அது ஓப்பன் டிஃப் (ரெண்டு வீலயும் வேற வேற வேகத்துல சுத்த விடற சாதா டிஃபரன்ஷியல்), லாக்கர் கதை சும்மா (இல்ல சுவிட்ச் போட்டா வேலை செய்யற ஏர் லாக்கரா இருக்கும், சுவிட்ச் போட்டு மறுபடி சுத்திப் பாருங்க). எதிர்ப்பக்கம் சுத்துது ஆனா ரொம்ப டைட்டா சுத்துதுன்னா லிமிடெட் ஸ்லிப்பா (ஓரளவுக்கு மட்டும் புடிச்சு வைக்கற டிஃப்) இருக்கலாம். வீலே அசையல, லேசா ப்ளே மட்டும் ஆடுதுன்னா ரெண்டுல ஒண்ணு: ஆட்டோ லாக்கரு (சுவிட்ச் இல்லாம தானா லாக் ஆகறது), இல்ல வெல்டிங் வச்ச டிஃப்பு. இதப் பிரிச்சுப் பாக்க ஆள் ஒருத்தர் வேணும், அவர் ஒரு வீல முன்பக்கமா இழுத்துப் புடிச்சுக்கட்டும், நீங்க அடுத்த வீல ரிவர்ஸ்ல சுத்துங்க. கட் கட் கட்னு சத்தத்தோட சுத்துச்சுன்னா ஆட்டோ லாக்கர். எவ்வளவு மல்லுக்கட்டினாலும் சுத்தலன்னா டிஃப்புக்குள்ள இருக்கற சின்னப் பல்சக்கரங்கள, அதாவது ஸ்பைடர் கியர, யாரோ வெல்ட் அடிச்சு ஒட்டியிருக்காங்க, காசு செலவில்லாத லாக்கரு, அதத்தான் நிறைய பேரு "லாக்கர் இருக்குங்க"ன்னு சொல்லி விக்கறாங்க.

உங்களுக்கு இது ஏன் முக்கியம்னா, ஆழியார்ல இருந்து மேல ஏறினா 40 கொண்டை ஊசி வளைவு. வளைவுல வெளி வீலு அதிக தூரம் ஓடணும், உள் வீலு கம்மியா ஓடணும், அதுக்குத்தான் டிஃபரன்ஷியலே. வெல்டட் டிஃப்ல ரெண்டும் ஒரே வேகம், அப்ப ஏதாவது ஒரு டயர் தேஞ்சுக்கிட்டேதான் திரும்பணும், வண்டி நேராப் போகத்தான் பாக்கும், ஸ்டீயரிங் மல்லுக்கட்டும், மழைல ஈர ரோட்டுல பின்பக்கம் திடீர்னு விலகும், கடைசில ஒரு நாள் ஆக்சில் ஷாஃப்ட் முறியும். ஆட்டோ லாக்கர் அந்த அளவுக்கு மோசமில்ல, ஆக்சிலரேட்டர விட்டுட்டுத் திரும்பினா வெளி வீல ஓட விட்டுரும், ஆனா வளைவு நடுவுல மிதிச்சா டப்புனு லாக் ஆகி பின்பக்கம் ஒரு உதை உதைக்கும், பழகிக்கணும். முன்னாடி லாக்கர் இருந்தா ரோட்டுல தொந்தரவில்ல, ஹப்ப ஃப்ரீல வச்சுட்டா அது பாட்டுக்குத் தூங்கும்.

அடுத்தது கிரவுன் பினியன் கணக்கு, இங்கதான் நிறைய வண்டி மாட்டிக்கும். ஒரு பின் வீல மட்டும் தூக்குங்க, கியர் நியூட்ரல், ட்ரான்ஸ்ஃபர் லீவரும் நியூட்ரல். வீல்ல ஒரு கோடு, பின் ஷாஃப்ட்ல ஒரு கோடு. தூக்கின வீல சரியா ரெண்டு சுத்து சுத்துங்க, ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதோ அதுதான் ரேஷியோ. ஏன் ரெண்டு சுத்துன்னா, அடுத்த வீல் தரைல நிக்கறதால நீங்க சுத்தறதுல பாதிதான் கிரவுனுக்குப் போகும். லாக்கரோ வெல்டிங்கோ இருந்தா ஒத்த வீல் சுத்தாது, அப்ப ரெண்டு வீலயும் தூக்கி ஒரே ஒரு சுத்து. இன்னும் துல்லியமா வேணும்னா பத்து மடங்கு சுத்தி பத்தால வகுத்துக்கங்க, கை வலிக்கும், பரவால்ல.

இதையே முன்னாடியும் செய்யணும், ஹப்ப லாக் பண்ணி, இந்தத் தடவ பின் வீலுக்குக் கட்டை வச்சு. ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கணும். பின்னாடி 4.11, முன்னாடி 3.73னு வந்துச்சுன்னா வண்டிய அங்கயே விட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்துருங்க. ஃபோர் வீல் போட்ட உடனே முன் பின் ஷாஃப்ட் ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தும், ஆனா வீல் சுத்தறதுல 10 சதவீதம் வித்தியாசம், அதாவது பத்து மீட்டர் போறதுக்குள்ள ஏதோ ஒரு ஜோடி டயரு ஒரு மீட்டர் வழுக்கியே ஆகணும். சேத்துல வழுக்கிரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது, கெட்டியான தரைல வழுக்காது, அந்த முறுக்கு பூரா ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மேல ஏறும். நான் ஒருத்தர்கிட்ட ஏமாந்தது இப்படித்தான். பின் டிஃப் போயிருச்சுன்னு வேற வண்டியோடத எடுத்து மாட்டி வித்துட்டாரு, ரெண்டு ட்ரிப்பு நல்லாத்தான் இருந்துச்சு, மூணாவது ட்ரிப்புல பாறை மேட்டுல ஃபோர் வீல விடுவிக்கவே முடியல, லீவர் கல்லு மாதிரி நின்னுருச்சு, அப்புறம் தொறந்து பாத்தா கியர் பல்லு தவுடு. அன்னைல இருந்துதான் பாக்கெட்ல சாக்பீஸ் வச்சிருக்கேன்.

சரி, முன்ன பின்ன ஒத்துப்போகுது. டயருக்கு ஒத்துப்போகுதா? ஜிப்சி கிங்குக்கு கம்பெனி கொடுத்தது 205/70 ஆர்15, விட்டம் கிட்டத்தட்ட 668 மிமீ. 31 இன்ச்னா 787 மிமீ. 18 சதவீதம் பெருசு. கணக்குக்கு பழைய ரேஷியோ 3.73னு வச்சுக்கிட்டா, 31 டயர் போட்ட உடனே அது 3.17 மாதிரி ஆயிரும். 1.3 லிட்டர் என்ஜின், 80 பிஎச்பி இருக்குதான், ஆனா அந்த பவரு எல்லாம் மேல ஆர்பிஎம்ல ஒளிஞ்சிருக்கு, கீழ இழுவை கம்மி. அஞ்சாவது கியர் சும்மா பேருக்கு இருக்கும், மலைல ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல தவிச்சுக்கிட்டு இருப்பீங்க, கிளட்ச் பிளேட்டு சீக்கிரம் கருகும். பழைய மாதிரி இழுக்கணும்னா 4.4 கிட்ட வரணும். நீங்க எண்ணிப் பாக்கறப்ப 4.1ல இருந்து 4.4க்குள்ள வந்தா, பண்ணினவன் யோசிச்சுப் பண்ணியிருக்கான். 3.7தான் வருது, கிரவுன் மாத்தியிருக்குன்னு மட்டும் சொல்றாங்கன்னா, பழையது ஒடைஞ்சு அதே ரேஷியோல வேற போட்டதா இருக்கும், மாத்தினது என்னமோ உண்மைதான்!

அந்த 3.7ஓட மொபைல்ல இருக்கற ஜிபிஎஸ் வேகத்தையும் சேத்துப் பாருங்க. ஜிப்சில ஸ்பீடாமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து வருது, அதுக்கு டயர் சைஸும் தெரியாது, ஆக்சில் ரேஷியோவும் தெரியாது. மீட்டர் சரி பண்ணாம 3.73 மேல 31 டயர்னா மீட்டர் 60 காட்டறப்ப நிஜத்துல 70 போயிட்டு இருப்பீங்க. கிலோமீட்டரும் அதே மாதிரி கம்மியாத்தான் ஏறியிருக்கும், ஓனர் 80,000 ஓடியிருக்குன்னு சத்தியம் பண்ணுவாரு, அத்தனையும் அந்த டயர்ல ஓடியிருந்தா நிஜத்துல 94,000.

க்ராலர் கியருக்கு வருவோம். என்னைக் கேட்டா இந்த லிஸ்ட்லயே காசு கொடுத்து வாங்க வேண்டிய ஐட்டம் இது ஒண்ணுதான், உங்களுக்குத் தோட்டத்துப் பாதைல லோடோட இறங்கறப்ப பிரேக்க மிதிக்காம என்ஜின் புடிப்புலயே இறங்கலாம். மறுபடி முன் வீலுக்குக் கட்டை வச்சு பின் வீல தூக்கி, ஹப் ஃப்ரீ, கியர் நியூட்ரல், ட்ரான்ஸ்ஃபர் லீவர ஹைல போடுங்க, வீல சுத்தி பின் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தறப்ப அந்தக் குட்டி ஷாஃப்ட் எத்தன சுத்துதுன்னு பாருங்க. கம்பெனி கியர்னா ஹைல 1.4, லோல 2.27. (மத்த ஜீப்புகள்ல ஹைன்னா ஒண்ணுக்கு ஒண்ணு, ஜிப்சில ஹைலயே கொஞ்சம் குறைச்சுத்தான் வச்சிருக்கான், இது நிறைய பேருக்குத் தெரியாது.) லோல 4 சுத்துக்கு மேல வந்துச்சுன்னா க்ராலர் கியர் நிஜம். அப்ப 31 டயர்லயும் ஃபர்ஸ்ட் கியர் ஐடிலிங்ல மணிக்கு 2 கிலோமீட்டர் சில்லற வேகத்துல வண்டி ஊரும், கம்பெனி கியர்னா அதே டயர்ல 4 வரும்.

ஆனா கியர் குறைஞ்சா டார்க் கூடும், அந்த டார்க்க யார் தாங்கறதுங்கறது ஒரு கேள்வி. மொதல்ல அடி வாங்கறது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்ட். மூணு ரப்பர்ல தொங்கற கேஸு அது, ரப்பர் கிழிஞ்சா லோல மிதிக்கறப்ப கேஸே திரும்பும், ஷாஃப்ட் கோணம் மாறும், சில சமயம் லோல இருந்து தானா கழண்டுக்கும். ஒரு பாரைய வச்சு லேசா நெம்பிப் பாருங்க. அடுத்தது முன் ஆக்சில்ல நக்கிளுக்குள்ள (வீல் திரும்பற உருண்டை) இருக்கற ஜாயின்ட்டு, பர்ஃபீல்டும்பாங்க. முன் லாக்கர், 31 டயர், க்ராலர் கியர் மூணும் ஒரே வண்டில இருந்து, ஸ்டீயரிங்க ஃபுல்லா ஒடிச்சு மிதிச்சா மொதல்ல போறது அதுதான். மண் தரைல ஃபோர் வீல் போட்டு, ஃபுல் லாக்ல மெதுவா ஒரு வட்டம் அடிங்க, டக் டக்னு கேட்டா ஜாயின்ட் பாதி போயிருச்சு. நக்கிள் உருண்டைல கிரீஸோட கியர் ஆயிலும் கலந்து வழிஞ்சா உள் சீல் காலி, அது சின்னச் செலவு, பயப்படாதீங்க.

எஸ்ஓஏ லிஃப்ட்னா ஆக்சிலுக்குக் கீழ இருந்த பட்டைய மேல தூக்கி வைக்கறது, சுமார் 5 இன்ச் வண்டி ஏறும். நல்லா செஞ்சா அருமையான லிஃப்ட், பட்டையே மாத்த வேண்டாம், அதனாலயே அரைகுறையா செய்யறவங்களும் ஜாஸ்தி. பின் ஷாஃப்ட்டோட ஸ்லிப் பாகம் (நீண்டு சுருங்கற பாகம்) எவ்வளவு வெளிய வந்திருக்குன்னு பாருங்க, ஷாஃப்ட்ட நீட்டலன்னா நுனில தொத்திக்கிட்டு இருக்கும். பிரேக் ஹோஸ் விறைச்சுக்கிட்டு நிக்குதா, ஸ்டீயரிங் ராடு சரிவா இறங்கி இருக்கா, பட்டை சீட்ட ஆக்சில்ல வெல்ட் பண்ணின எடம் சுத்தமா இருக்கா, இதெல்லாம் பாருங்க. ஓட்டறப்ப நின்ன எடத்துல இருந்து மிதிச்சா அடில தடதடன்னு உதறுச்சுன்னா பட்டை முறுக்கி பினியன் மூக்கத் தூக்குதுன்னு அர்த்தம், 50, 60 வேகத்துல சீரா ஒரு அதிர்வு இருந்தா ஷாஃப்ட் கோணம் சரியில்ல, இல்லன்னா கிராஸ் (ஷாஃப்ட் முனைல இருக்கற மூட்டு) தேஞ்சிருக்கு. ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு, 60ல கொஞ்ச நேரம் மிதிச்சுப் புடிச்சு அப்புறம் பட்டுனு விட்டுப் பாருங்க, மிதிக்கறப்ப மட்டும் ஊளைச் சத்தம் வந்து விட்டா நிக்குதுன்னா கிரவுன் பினியன் செட்டிங் சரியா பாக்காம மாட்டினதா இருக்கலாம்.

டிஃப் ஆயில் ஃபில்லர் பிளக்க கழட்டி விரல விட்டு எடுத்துப் பாக்க ஓனர் சம்மதிக்கலன்னா அதுவே பதில். பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு, ப்ரீதர் குழாய (டிஃப் மூச்சு விடற குழாய்) மேல ஏத்தி விடாம ஆத்துல இறக்கியிருக்காங்க. கருப்பா, மை மாதிரி நைஸா இரும்புத் தூள் இருந்தா சகஜம், விரல்ல குத்தற மாதிரி சில்லு வந்தா சகஜமில்ல.

பேப்பர் விசயம் நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லணும். 2008 வண்டிக்கு 15 வருசம் முடிஞ்சாச்சு, ஆர்சி அஞ்சஞ்சு வருசமா புதுப்பிக்கணும், புதுப்பிச்சாச்சான்னு மொதல்ல பாருங்க, புதுப்பிக்கலன்னா இந்த உசரத்தோட ஆர்டிஓ முன்னாடி நிறுத்தப் போறது நீங்கதான். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இத அழுத்திச் சொல்லிருச்சு. என்ஜின் நம்பர் ஆர்சியோட ஒத்துப்போகலன்னா, டிஃப் எவ்வளவு நல்லா இருந்தாலும் தொடாதீங்க. கழட்டின ஒரிஜினல் டயர், ஷேக்கிள், ஷாஃப்ட்டெல்லாம் ஓனர்கிட்ட இருக்கான்னு கேளுங்க, இருந்தா வண்டியோட வாங்கிக்கங்க.

உங்க உபயோகத்துக்கு என் கணக்கு இதுதான். முன்ன பின்ன ரேஷியோ ஒத்துப்போய், 4க்கு மேல இருந்து, க்ராலர் கியரும் நிஜமா இருந்து, பின்னாடி ஓப்பனோ சுவிட்ச் லாக்கரோ இருந்தா பேரம் பேசி எடுங்க, 31 டயர வித்துட்டு 235/75 ஆர்15 போட்டுக்கங்க, 734 மிமீ வரும், வால்பாறைக்கு அது தாராளம், பிரேக்கும் புடிக்கும், பர்ஃபீல்டும் பொழைக்கும். பின்னாடி ஆட்டோ லாக்கர்னா ஓட்டிப் பாத்து உங்களுக்கு ஒத்துவருதான்னு முடிவு பண்ணுங்க, அதுவும் மழை நாள்ல ஓட்டிப் பாக்கணும். வெல்டட்னா, நல்ல டிஃப் ஒண்ணு தேடி மாட்டற செலவ வெலைல கழிக்கச் சொல்லுங்க, கழிக்க மாட்டேன்னா விடுங்க. வேற ஜிப்சி வரும், பட்டாளத்துல ஓடி கழிச்ச வண்டியும் ஏலத்துல வந்துக்கிட்டுத்தான் இருக்கு. எண்ணிப் பாத்துட்டு அந்த நாலு நம்பரையும் எழுதி அனுப்புங்க, முன் ஆக்சில், பின் ஆக்சில், ஹை, லோ. வெல எவ்வளவு சொல்லலாம்னு அப்புறம் பேசுவோம்.