மருத்துவ ரோபோ, ஒளிவழி நோயறிதல்: பிஎச்.டி. கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இரண்டு துறைகளிலும் ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பலரும் கேட்டது, எந்தத் தலைப்பை எடுக்கலாம் என்பதுதான். அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் சேர நினைக்கும் லேப்போடு சேர்ந்து வேலை செய்யும் மருத்துவர் யார்?

பி.இ. மெக்கானிக்கல் முடித்து அம்பத்தூரில் டிசைன் வேலையில் இருக்கிறேன். அறுவை சிகிச்சை ரோபோவில் பிஎச்.டி. செய்ய ஆசை. டா வின்சி ரோபோ இருக்கும் இடத்தில்தான் சேர வேண்டுமா சார்?

வேண்டியதில்லை. மருத்துவமனையில் இருக்கும் ரோபோ நோயாளிகளுக்கானது. அதன் மென்பொருளில் கைவைக்க ஆய்வு மாணவருக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள். நல்ல ஆய்வுக் கேள்விகள் அந்த முழு இயந்திரத்தில் இல்லை, அதன் சின்னச் சின்னச் சிக்கல்களில் இருக்கின்றன. வயிற்றில் போடும் 8 மில்லிமீட்டர் துளை வழியாகக் கருவி உள்ளே போகிறது. துளை இருக்கும் புள்ளியில் கருவி பக்கவாட்டில் நகரவே கூடாது, அந்தப் புள்ளியை மையமாக வைத்துத்தான் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுச் சுவரில் காயம்தான். அப்புறம், தொடு உணர்வு. டா வின்சிக்கு 2000-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இழுக்கும் விசையைச் சர்ஜனின் கைக்குத் திருப்பித் தரும் வசதி அதன் 5-ஆவது தலைமுறையில், 2024-ல்தான் வந்தது. அதுவரை தையல் நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதை சர்ஜன்கள் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். விசையை அளக்கும் சென்சாரை அவ்வளவு மெல்லிய கருவியின் நுனியில் பொருத்துவது இன்றும் கடினமான மெக்கானிக்கல் வேலை. உங்கள் டிசைன் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் சொல்வேன்: மறுவாழ்வு ரோபோக்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூட்டோ, பக்கவாதத்தில் கை செயலிழந்தவர்களுக்குப் பயிற்சி தரும் ரோபோ. பயிற்சிக்கு நோயாளி திரும்பத் திரும்ப வருவார். நீங்கள் செய்த மாற்றம் அவர் கைக்கு உதவுகிறதா என்று கூடவே இருந்து பார்க்கலாம்.

பி.இ. மட்டும் முடித்தவர்கள் ஐஐடியில் ஆய்வு வழி எம்.எஸ்.ஸில் சேர்ந்து, பிறகு பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ள வழி உண்டு. பொறியியல் வடிவமைப்புத் துறை, பயன்பாட்டு இயக்கவியல் மற்றும் உயிர்மருத்துவப் பொறியியல் துறை, இரண்டின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

மாநிலக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஒளியை வைத்துப் புற்றுநோயைக் கண்டறியும் ஆய்வு பேப்பரோடு நின்றுவிடுகிறது என்கிறார்களே? இதை நம்பி இறங்கலாமா?

இறங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. வாய்ப்புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள்: கன்னத்தின் உட்புறத்தில் ஊதா-நீல ஒளியைப் பாய்ச்சினால், சாயம் எதுவும் பூசாமலே திசுவிலுள்ள கொலாஜன் போன்ற மூலக்கூறுகள் தாமாக ஒளிரும். புற்று தொடங்கும் இடத்தில் அந்தப் பச்சை ஒளிர்வு மங்கும். கேட்க எளிது. ஆனால் வாயில் வெறும் புண் இருந்தாலும் அது மங்கும். வாயிலிருக்கும் பாக்டீரியாக்களின் போர்ஃபிரின் என்ற நிறமி 630 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே சிவப்பாக ஒளிர்ந்து குழப்பும். வெற்றிலை பாக்குக் கறை வேறு. அறுவை அரங்கிலிருந்து வந்த திசுவை சலைனில் (உப்புநீரில்) சரியாகக் கழுவாமல் அளந்தால், ஒட்டியிருக்கும் ரத்தம் 415 நானோமீட்டர் பக்கம் ஒளியை விழுங்கி ஸ்பெக்ட்ரத்தில் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். புதிதாக வருகிறவர்கள் அதையே நோயின் அடையாளம் என்று எழுதிவிடுவார்கள். கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டு வைத்த திசுவோ தன் இயல்பான ஒளிர்வையே மாற்றிக்கொள்ளும்.

உங்கள் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்ட ராமன் விளைவும் (மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுவது) இன்று இதற்குப் பயன்படுகிறது. மூலக்கூறுகளை இன்னும் துல்லியமாகப் பிரித்துக் காட்டும். ஆனால் சிதறும் ஒளியில் கிட்டத்தட்ட கோடியில் ஒரு ஃபோட்டான்தான் நமக்கு உதவும், அதனால் அளக்க நேரமும் நல்ல டிடெக்டரும் வேண்டும். இதே துறையில் நோயாளியின் பக்கம் வரை வந்து சேர்ந்த கருவி ஓசிடி, அதாவது ஒளியைக் கொண்டு திசுவின் உள் அடுக்குகளைப் படம் பிடிப்பது. 1991-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது, இன்று கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் பார்க்க அன்றாடம் பயன்படுகிறது. பேப்பரோடு நிற்காத ஆய்வுக்கு அதுவே சாட்சி.

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறையில் திசு ஒளிர்வு பற்றி நெடுநாளாக ஆய்வு நடக்கிறது. கண் சார்ந்தது என்றால் சங்கர நேத்ராலயாவின் ஆய்வுப் பிரிவையும் பாருங்கள். கைடைச் சந்திக்கும்போது தயங்காமல் கேளுங்கள்: நோயாளிகளை வைத்து ஆய்வு செய்ய எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கியாகிவிட்டதா? பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவை யார் தருவார்கள்? சாம்பிள் எங்கிருந்து வரும்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத லேப்பில் முதல் வருடம் காகித வேலையிலேயே போய்விடும். நல்ல கைடு இந்தக் கேள்விகளைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

என் மகள் பிஎச்.டி. சேரப் போகிறாள். உதவித்தொகையில் செலவு ஓடுமா? நடுவில் கல்யாணம், குழந்தை என்று வந்தால் படிப்பு நின்றுவிடுமா?

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதி கிடைத்தால் தாராளமாக ஓடும். உதவித்தொகை இல்லாமல் சேர்வதானால் மட்டும் நன்றாக யோசித்து முடிவெடுங்கள் அம்மா. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்கு அதிகபட்சம் 6 வருடம், பெண்களுக்கு மேலும் 2 வருடம் தரலாம். மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. படிப்பு நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் எம்.பி.பி.எஸ். டாக்டர். பொறியியல் தெரியாமல் இந்தப் பக்கம் வர முடியுமா?

வாருங்கள், உங்களைப் போன்றவர்கள்தான் இங்கே குறைவு. மருத்துவர்களை மனதில் வைத்தே ஐஐடி மெட்ராஸ் 2023-ல் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியது. கணிதத்தை மட்டும் கொஞ்சம் தூசி தட்டிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் கிடைத்த மருத்துவப் படங்களை வைத்து, நோயைக் கண்டறியும் ஒரு ஏஐ மாடல் செய்தேன், 98 சதவீதத் துல்லியம் வருகிறது. இதையே பிஎச்.டி. தலைப்பாக எடுக்கலாமா?

ஒரே நோயாளியின் படங்கள் பயிற்சிப் பக்கமும் சோதனைப் பக்கமும் கலந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒருவரிடமிருந்து பத்துப் படங்கள் எடுத்து, எட்டைக் கற்கக் கொடுத்து, இரண்டில் சோதித்தால், மாடல் நோயைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. நோயாளி வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள். பிறகு வேறொரு மருத்துவமனையின், வேறொரு கேமராவில் எடுத்த படங்களில் ஓட்டுங்கள். துல்லியம் எங்கே, ஏன் சரிகிறது என்று தேடிப் போனால் அதுதான் உங்கள் தலைப்பு.

ஐரோப்பாவில் இந்தத் துறைகளில் சம்பளத்தோடு பிஎச்.டி. கிடைக்குமா சார்? ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார்.

கிடைக்கும். ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் என்ற பிஎச்.டி. திட்டத்தின் இடங்கள் யூராக்செஸ் (EURAXESS) இணையதளத்தில் வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றன. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், வேலை ஒப்பந்தத்தோடு சம்பளம் தருவார்கள். விதிகளில் முக்கியமானவை இரண்டு: ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. சேரப்போகும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அங்கே முதுகலை படித்துவிட்டு அதே நாட்டில் தேடுகிறவர்கள் இந்த இரண்டாவது விதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.