வாசகர் கேள்வி – பதில்: கூடாரம் இல்லாத சர்க்கஸ்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் நடக்கும் நவீன சர்க்கஸ் விழாவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய கட்டுரைக்கு எதிர்பார்த்ததை விட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாராட்டியவர்களுக்கு நன்றி. திட்டி எழுதிய சேலம் வாசகருக்குக் கூடுதல் நன்றி. வந்தவற்றில் நல்ல கேள்வி அவருடையதுதான்.

யானை இல்லை, சிங்கம் இல்லை, கூடாரமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பிறகு அதில் சர்க்கஸ் என்று சொல்ல என்னதான் இருக்கிறது?
– தஞ்சாவூர் வாசகி

சர்க்கஸ் என்றதும் நமக்கு யானையும் சிங்கமும் நினைவுக்கு வந்தாலும், அந்தக் கலை தொடங்கியது குதிரையில்தான். 1768ஆம் ஆண்டு லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர், குதிரை வட்டமாக ஓடும்போது அதன் முதுகில் நிற்பவர் உட்புறமாகச் சாய்ந்து நிலைகொள்ள முடியும் என்பதைப் பயன்படுத்தி வித்தை காட்டினார். அவருடைய அரங்கிலிருந்து வந்த 42 அடி, அதாவது சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள வட்டமே இன்றுவரை சர்க்கஸ் வளையத்தின் அளவாக இருக்கிறது. ஒரு குதிரை போய் மறு குதிரை வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கயிற்றில் நடப்பவர்களையும் குட்டிக்கரணம் போடுபவர்களையும் கோமாளியையும் அவர் சேர்த்துக்கொண்டார். இடைவெளியை நிரப்ப வந்தவர்கள் தங்கிவிட்டார்கள், குதிரை போய்விட்டது. நவீன சர்க்கஸை இப்படிப் புரிந்துகொள்வது எளிது.

1970களிலிருந்து பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறகு மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்திலும் ஏற்பட்ட மாற்றம் விலங்குகளை நீக்கியதோடு நிற்கவில்லை. பழைய சர்க்கஸில் ஒவ்வொரு வித்தையும் தனித்தனியாக வரும். அறிவிப்பாளர் முன்னால் வந்து கட்டியம் கூறுவார், பறை முழங்கும், வித்தை முடிந்ததும் கலைஞர் இரு கைகளையும் விரித்துக் கைத்தட்டலுக்குக் காத்திருப்பார். புதிய சர்க்கஸில் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ ஒரே இழையில் நிகழ்ச்சி ஓடுகிறது. வித்தை என்பது அங்கே ஒரு வாக்கியம் போல வேறொன்றைச் சொல்வதற்காக வருகிறது.

நான் பார்த்த ஒரு காட்சியைச் சொன்னால் விளங்கும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கோபித்துக்கொண்டு பிரிந்து போக விரும்புகிறார்கள். ஆனால் அவள் நிற்பதோ அவனுடைய தோள்மேல். அவன் எந்தப் பக்கம் விலகி நடந்தாலும் அவளையும் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது, அவள் எவ்வளவு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கால் விரல்களால் அவனுடைய தோள்பட்டையைப் பற்றிக்கொண்டுதான் திருப்ப முடிகிறது. கடைசியில் அவன் மெல்ல முழங்காலை மடக்க, அவள் தரையில் கால் வைத்துப் போய்விடுகிறாள். தோளிலிருந்து இறங்குவது சர்க்கஸில் மிக எளிய காரியம். அதைப் பார்த்து அன்று அரங்கில் ஒருவரும் கைதட்டவில்லை, என் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

விழாவை யார் நடத்துகிறார்கள்? எப்போதிலிருந்து?
– மதுரை வாசகர்

2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தொடங்கியது. நடத்துவது தோஹு என்னும் சர்க்கஸ் கலை நிறுவனம். விழாவின் பெயர் 'மான்ட்ரியல் கொம்ப்ளெத்மான் சிர்க்'. 'முழுக்க முழுக்கச் சர்க்கஸ்' என்று பொருள் கொள்ளலாம். அரங்குகளில் கட்டண நிகழ்ச்சிகளும் சதுக்கங்களிலும் தெருக்களிலும் இலவச நிகழ்ச்சிகளும் ஒரே சமயத்தில் நடக்கும். பிற நாடுகளின் விழா அமைப்பாளர்கள் வந்து நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் சந்தையும் அதே நாட்களில் கூடுகிறது. பொதுமக்கள் கண்ணில் அது படாது என்றாலும் கலைஞர்களின் அடுத்த இரண்டு ஆண்டுச் சோறு அங்கேதான் முடிவாகிறது.

பனி கொட்டும் அந்த ஊருக்கும் சர்க்கஸுக்கும் என்ன சம்பந்தம்? கேரளத்தின் தலைச்சேரியை அருகில் வைத்துக்கொண்டு மான்ட்ரியலைப் பார்த்து வாயைப் பிளக்கும் உங்கள் அடிமைப் புத்தி எப்போது போகும்?
– சேலம் வாசகர்

புத்தி போகும்போது சொல்லி அனுப்புகிறேன். கேள்விக்கு வருவோம்.

ஐரோப்பாவைப் போலத் தலைமுறை தலைமுறையாகச் சர்க்கஸ் நடத்தும் குடும்பங்கள் கியூபெக்கில் வேரூன்றியிருக்கவில்லை. தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் பள்ளி ஒன்று தேவைப்பட்டது. 1981ஆம் ஆண்டு கீ காரோன், பியேர் லெக்லேர் என்ற இருவர் மான்ட்ரியலில் தேசியச் சர்க்கஸ் பள்ளியை நிறுவினார்கள். அதே காலத்தில், கியூபெக் நகரத்துக்கு வடகிழக்கே பே சேன் போல் என்னும் சிற்றூரில் பொய்க்கால் கட்டி ஆடும் இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களில் கில் சேன்ட் க்ருவா என்பவர் தங்கள் குழுவுக்கு நிதி திரட்டுவதற்காக 1980ஆம் ஆண்டு தம் ஊரிலிருந்து கியூபெக் நகரம் வரை சுமார் 90 கிலோமீட்டர் பொய்க்காலிலேயே நடந்தார். நெருப்பை ஊதி வித்தை காட்டிக்கொண்டிருந்த கீ லலிபெர்த்தேயும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியே அந்த மண்ணுக்கு வந்த 450ஆம் ஆண்டைக் கியூபெக் 1984இல் கொண்டாடியபோது, அரசு தந்த ஒப்பந்தத்தைக் கொண்டு அவர்கள் தொடங்கியதே 'சிர்க் து சொலேய்', அதாவது கதிரவன் சர்க்கஸ்.

அந்தப் பெருநிறுவனத்தின் பெயர் உலகத்துக்குத் தெரியும். எனக்கு வியப்பளிப்பது அது இருக்கும் இடம். மான்ட்ரியலின் சேன் மிஷெல் பகுதியில் மிரோன் சுண்ணாம்புக்கல் குவாரி இருந்தது. நகரத்தின் கட்டடங்களுக்கான சிமென்ட் அங்கிருந்து போயிற்று. கல் எடுத்த பள்ளத்தில் 1960களின் இறுதியிலிருந்து நகரத்தின் குப்பையைக் கொட்டத் தொடங்கி, பல பத்தாண்டுகளில் சுமார் நான்கு கோடி டன் சேர்ந்துவிட்டது. நாற்றமும் புழுதியுமாகக் கிடந்த அந்தப் பள்ளத்தின் ஓரத்துக்குத்தான் 1997இல் சிர்க் து சொலேயின் தலைமையகம் வந்தது, 2003இல் சர்க்கஸ் பள்ளி வந்தது, 2004இல் தோஹுவின் வட்ட அரங்கு திறக்கப்பட்டது. குப்பைமேடு இன்று பூங்காவாக மாறிவருகிறது. உள்ளே இன்னும் அழுகிக்கொண்டிருக்கும் குப்பையிலிருந்து எழும் வாயுவைக் குழாய்களால் இழுக்கிறார்கள். அந்தக் கிணறுகளின் மேல் கவிழ்த்த வெள்ளை உருண்டைகள் புல்வெளியெங்கும் பெரிய முட்டைகளைப் போல உட்கார்ந்திருக்கின்றன. தோஹு என்ற பெயரும் பொருத்தமானதே: 'தோஹு போஹு' என்றால் உருவமற்ற பெருங்குழப்பம், விவிலியத்தின் படைப்புக் கதையில் வரும் எபிரேயச் சொல்.

தலைமையகம், பள்ளி, அரங்கு மூன்றும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பள்ளியில் படித்து முடித்தவருக்கு எதிரிலேயே மேடை இருக்கிறது. மேடையில் தேறியவருக்கு அடுத்த கட்டடத்தில் வேலை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பெருநிறுவனத்தில் சலிப்புற்றவர்கள் வெளியே வந்து சிறு குழு தொடங்குகிறார்கள். விழா என்பது இந்த ஏற்பாட்டின் வெளிமுகம்தான். வேறொரு நகரம் இதைப் பார்த்து விழாவை மட்டும் நகல் எடுத்தால் பந்தலும் பதாகையும்தான் மிஞ்சும்.

தலைச்சேரியை நான் மறக்கவில்லை. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901ஆம் ஆண்டு அங்கே சர்க்கஸ் பயிற்சிக் கூடம் தொடங்கினார். மான்ட்ரியல் பள்ளிக்கு 80 ஆண்டுகள் முந்தியது அது. நம் பெரிய சர்க்கஸ் நிறுவனங்கள் பலவற்றுக்கு ஆட்களைத் தந்ததும் அந்த ஊர்தான். 1951இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய எம். வி. சங்கரனும் அந்த மரபில் வந்தவர். ஆனால் அந்தக் கூடம் வளர்ந்து கல்லூரியாகவில்லை. 1998இல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பயன்படுத்த மத்திய அரசு தடை விதித்தது, 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011இல் சிறுவர்களைச் சர்க்கஸில் ஈடுபடுத்துவதையும் நீதிமன்றம் தடுத்தது. இரண்டும் நியாயமான தடைகள் என்பதே என் கருத்து. ஆனால் விலங்கு போன இடத்தில் எதை வைப்பது, சிறு வயதில் தொடங்க வேண்டிய பயிற்சியைப் படிப்போடு சேர்த்து எப்படித் தருவது என்ற கேள்விகளுக்கு மான்ட்ரியலில் பள்ளி விடை தேடியது. இங்கே அவை சர்க்கஸ் முதலாளிகளின் தலையில் விழுந்தன. தலைச்சேரியில் 2010இல் அரசு திறந்த சர்க்கஸ் அகாடமியும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இதில் யார் யாருக்கு அடிமை என்று எனக்கு விளங்கவில்லை.

மொழி தெரியாமல் பார்த்து ரசிக்க முடியுமா?
– புதுச்சேரி வாசகர்

பெரும்பாலும் முடியும். பேச்சு குறைவு. இருந்தாலும் பெயர்களின் நயம் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். 1993இல் தொடங்கிய 'சிர்க் எலுவாஸ்' குழுவின் பெயர், கனடாவின் கிழக்குப் பகுதியில் பிரெஞ்சு பேசும் அகாடிய மக்களின் வழக்கில் இடியோசை இல்லாமல் தொலைவானில் பளிச்சிடும் கோடை மின்னலைக் குறிக்கும். 2002இல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய குழுவுக்கு 'கையின் ஏழு விரல்கள்' என்று பெயர். ஒற்றுமையாக இருப்பவர்களை 'ஒரு கையின் ஐந்து விரல்கள்' என்று சொல்லும் பிரெஞ்சு வழக்கைக் குறும்பாகத் திருப்பியிருக்கிறார்கள்.

ஒருவர் பெரிய வளையத்துக்குள் நின்று சுழல்வதைக் காணொளியில் பார்த்தேன். உள்ளே மோட்டார் இருக்கிறதா?
– கோவை வாசகி

இல்லை. அது சீர் சக்கரம். எலுவாஸ் குழுவை நிறுவியவர்களுள் ஒருவரான தானியேல் சீர் வடிவமைத்தது. 2003ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த 'நாளைய சர்க்கஸ்' விழாவில் காட்டிய பிறகு உலகெங்கும் பரவியது. ஆள் உயரத்தை விடச் சற்றே கூடுதலான விட்டமுள்ள உலோகக் குழாய் வளையம், அவ்வளவுதான். பயணத்துக்காகத் துண்டு துண்டாகக் கழற்றும்படி செய்கிறார்கள்.

தரையில் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பாருங்கள். முதலில் நிமிர்ந்து சுழலும், பிறகு சாய்ந்து சாய்ந்து, தரையோடு ஒட்டும் நேரத்தில் கடகடவென்று அதிரும். அந்த நாணயத்துக்குள் ஓர் ஆள் கைகால்களை அகட்டி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதுதான் அவருடைய மோட்டார். வளையம் சாய்ந்து தரையை நெருங்கும்போது, தரையைத் தொடப்போகும் இடத்தில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கையும் காலும் வளையத்தைப் பற்றும் விதம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நான் முகத்தைப் பார்க்கவே இல்லை, அந்தக் கால் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அது தரைக்கு முந்திக்கொண்டது.

ஆபத்தை விற்றுக் காசு பார்ப்பதுதானே இதுவும்?
– சென்னை வாசகர்

ஆபத்து உண்மையானது. சிர்க் து சொலேயின் நிகழ்ச்சிகளில் அமெரிக்காவில் 2013இல் லாஸ் வேகாஸிலும் 2018இல் தாம்பாவிலும் கலைஞர்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள்; பணமும் பொறியாளர்களும் நிறைந்த நிறுவனத்திலேயே இது நடந்தது. ஆனால் காசு பார்ப்பது என்பது பெரும்பாலான குழுக்களுக்குப் பொருந்தாது. கலை மன்றங்களின் மானியத்தையும் பயண நிகழ்ச்சிகளையும் நம்பி நாட்களை ஓட்டும் சிறு குழுக்களே அதிகம். பெருநிறுவனமும் தப்பவில்லை: 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் அரங்குகள் மூடியபோது தன் பணியாளர்களில் 95 விழுக்காட்டினரை நிறுத்திவிட்டு, ஜூன் மாதம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஆயிரக்கணக்கான உடல்கள் ஒரே வாரத்தில் வேலையிழந்தன. விழுவதற்கு வலை கட்டத் தெரிந்தவர்களுக்கு அந்த விழுகைக்கு வலை இல்லை.

நம் கழைக்கூத்தை இவர்கள் பார்த்திருப்பார்களா?
– திருநெல்வேலி வாசகர்

கயிற்றில் ஆடுவோரின் பறையொலி சங்கப் பாட்டிலேயே உவமையாக வருகிறது. வயதில் நாம் யாருக்கும் இளையவர்கள் அல்லர். ஆனால் கழைக்கூத்தாடியின் மகள் சாலையோரம் கயிற்றில் நடக்கும்போது நாம் தட்டில் போடும் நாணயத்தின் மதிப்பை வைத்துக்கொண்டு பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டு வருடமாக மான்ட்ரியலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறோம். இப்படி ஒரு விழா நடப்பதே உங்கள் கட்டுரையைப் பார்த்துத்தான் தெரியும். இரண்டு பிள்ளைகள், கையில் அதிகக் காசில்லை. எங்கே போகலாம்?
– மான்ட்ரியல் வாசகி

அம்மா, அரங்குக்குள் போக வேண்டியதில்லை. பார்க் நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, ஜான் தலோனில் மாறி, பெர்ரி யூகாமில் இறங்கினால் எமிலி கமலேன் சதுக்கம் எதிரிலேயே இருக்கிறது. விழா நாட்களில் அங்கே மாலை வேளைகளில் நடந்த நிகழ்ச்சிகளை நான் கட்டணமின்றித்தான் பார்த்தேன். அந்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அரை மணி நேரம் முன்னதாகவே போய்ப் பிள்ளைகளைத் தரையில் முதல் வரிசையில் உட்காரவைத்துவிடுங்கள். பின்னால் நின்றால் அவர்களைத் தோளில் தூக்கவேண்டிவரும், அந்த வித்தைக்கு உங்களுக்குத்தான் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

சீனக் கம்பம் ஏறுகிறவர்கள் இருந்தால் அந்தப் பக்கமாக உட்காருங்கள். செங்குத்தான கம்பத்தின் மேல் ரப்பர் சுற்றியிருப்பார்கள். அதில் தோல் உரசினால் நெருப்புப் பட்டதுபோல் எரியும் என்பதால், ஜூலை வெயிலிலும் அவர்கள் தடித்த கால்சட்டை போட்டுக்கொண்டு வருவதைக் காணலாம். உச்சியிலிருந்து தலைகீழாக வழுக்கி வந்து, தரைக்கு ஓரடி மேலே தொடைகளை இறுக்கி நிற்கும்போது அந்த ரப்பர் கிறீச்சிடும். காணொளியில் பாட்டுச் சத்தத்தில் அது கேட்பதில்லை. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.